இலக்கு வைப்பதும், வாழ்க்கை மாறும்போது அதைத் திருத்துவதும்: ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன், ஒரே வருடத்தில் 10 கிலோமீட்டர் நிற்காமல் ஓடிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். நான்கு மாதம் ஒழுங்காக நடந்தது. ஐந்தாவது மாதம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அதற்கப்புறம் மருத்துவமனை, வேலை, வீடு என்று இந்த மூன்றுக்கும் நடுவிலேயே என் நாட்கள் கழிந்தன. ஓட முடியாமல் போனதில் எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. அந்த அட்டவணையைக் கழற்றவும் மனம் வராமல், அதன்படி நடக்கவும் வழியில்லாமல் கிடந்ததுதான் வலித்தது. எட்டு மாதம் அது சுவரிலேயே இருந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கண்ணைத் திருப்பிக்கொள்வேன்.

இலக்கு வைக்கக் கற்றிருந்தேன், வைத்ததைத் திருத்தக் கற்கவில்லை. இலக்கு பற்றி நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பாலானவை முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. வேலை போனால், குழந்தை பிறந்தால், உடம்பு படுத்துவிட்டால் என்ன செய்வது என்பதை நாமேதான் இருட்டில் தடவிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் இரண்டாம் பாதிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒரு இலக்கைப் பின்னால் சுலபமாகத் திருத்த முடியுமா என்பது, முதலில் அதை எப்படி எழுதினோம் என்பதைப் பொறுத்தது. ஆகவே அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

படி 1: இலக்குக்கு முன்னால் வாரத்தைப் பாருங்கள்

ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் உங்கள் கையில் உண்மையிலேயே எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் இலக்கு வைக்காதீர்கள். ஏழு நாட்களுக்கு, எதையும் மாற்றாமல், நேரம் எதில் போகிறது என்று மட்டும் குறித்துவாருங்கள். தூக்கம், வேலை, போக்குவரத்து, வீட்டு வேலை, பிறரைக் கவனிக்கும் நேரம், போனில் போகும் நேரம், எல்லாவற்றையும். அரை மணி நேரக் கணக்கு போதும்.

ஏழாவது நாள் இரண்டு நிறத்தில் கோடு போடுங்கள். நகர்த்தவே முடியாத நேரத்துக்கு ஒரு நிறம், நகர்த்தக்கூடியதற்கு இன்னொன்று. நகர்த்தக்கூடியது வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான் என்றால், அந்த ஐந்து மணிக்குள் அடங்குகிற இலக்குதான் உங்கள் இலக்கு. பலருக்கு இந்தப் படி சலிப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இதைத் தாண்டிப் போகாதீர்கள். வாழ்க்கை மாறும்போது நீங்கள் திரும்ப வந்து நிற்கப்போகும் இடம் இந்தத் தாள்தான்.

படி 2: மூன்று வரி எழுதுங்கள்

ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு தாள். அதில் மூன்றே வரி: ஏன், எது, எப்படி.

என் ஓட்டத்துக்கு அன்றே இப்படி எழுதியிருக்க வேண்டும்:

ஏன்: வயதான பிறகும் பிறர் உதவி இல்லாமல் நடமாட வேண்டும், படியேறினால் மூச்சு வாங்கக் கூடாது.
எது: ஒரு வருடத்துக்குள் 10 கிலோமீட்டர் நிற்காமல் ஓடுவது.
எப்படி: வாரம் மூன்று நாள், காலை 40 நிமிடம்.

நான் எழுதியது நடு வரியை மட்டும்தான். அந்த ஒரு வரி உடைந்ததும் எல்லாமே உடைந்ததாகத் தோன்றியது. உண்மையில் 'ஏன்' என்ற வரிக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாவின் நிலையைப் பார்த்த பிறகு அது எனக்கு இன்னும் ஆழமாகப் புரிந்திருந்தது.

'ஏன்' வரிதான் எழுதக் கடினமானது. 'சம்பளம் உயர வேண்டும்' என்று எழுதினால் நிறுத்தாமல் இன்னொரு முறை கேளுங்கள்: எதற்காக? 'கடன் இல்லாமல் இருக்க' என்று வரலாம். அது எதற்காக? 'இரவில் நிம்மதியாகத் தூங்க' என்று வரலாம். இதற்கு மேல் கேட்க ஒன்றுமில்லை என்று தோன்றும் இடத்தில் நிறுத்துங்கள். சில சமயம் கேட்டுக்கொண்டே போனால் 'அவர்கள் என்ன நினைப்பார்கள்' என்பதில் போய் முட்டும். அப்படியானால் அது வேறு யாரோ உங்கள் தோளில் ஏற்றிய இலக்கு. அதை இறக்கிவைக்க இதைவிட நல்ல நேரம் வராது.

படி 3: 'எது' என்பதைக் கூர்மையாக்குங்கள்

எட்வின் லாக் என்ற உளவியலாளர் 1968-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையிலும், பிறகு கேரி லேதமுடன் சேர்ந்து பல வருடம் செய்த ஆய்வுகளிலும் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று: 'முடிந்தவரை நன்றாகச் செய்' என்று சொல்வதைவிட, தெளிவான, கொஞ்சம் சவாலான இலக்கு இருந்தால் மனிதர்கள் அதிகம் சாதிக்கிறார்கள். 'உடம்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும்' என்பதை ஒருநாளும் முடித்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. 'ஜூன் மாதத்துக்குள் ஐந்து கிலோமீட்டர்' என்பதைச் சொல்லலாம்.

அலுவலகப் பயிற்சிகளில் சொல்லித்தரும் 'ஸ்மார்ட்' (SMART, ஐந்து ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள்) இலக்கு முறை, ஜார்ஜ் டோரன் 1981-இல் நிர்வாகிகளுக்காக எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. அதன் ஐந்து எழுத்துகளில் ஒன்றுக்கு அவர் கொடுத்த பொருள், 'இந்த வேலை யார் பொறுப்பு' என்பது. அதாவது, அது அலுவலக வேலைக்காகவே பிறந்தது. தனிமனித வாழ்க்கைக்கு அதில் எடுத்துக்கொள்ள வேண்டியவை அளவும் கெடுவும்; மற்றவை பொருந்தாவிட்டால் கவலைப்பட வேண்டாம்.

ஒரு முக்கியமான விதிவிலக்கு இருக்கிறது. உங்களுக்கு முற்றிலும் புதிய, சிக்கலான விஷயமாக இருந்தால், ஆரம்பத்திலேயே பெரிய எண்ணை இலக்காக வைப்பது கெடுதல்தான் செய்யும். எண்ணைத் துரத்துவதிலேயே கவனம் போய், கற்க வேண்டியது நழுவிவிடும். அப்போது கற்றல் இலக்கு வையுங்கள். இதுவரை ஒரு வரிகூட நிரல் எழுதாதவர் 'ஆறு மாதத்தில் ஒரு செயலி வெளியிடுவேன்' என்பதைவிட, 'முதல் இரண்டு மாதத்தில் மூன்று சிறு நிரல்களை எழுதி, எங்கே மாட்டிக்கொள்கிறேன் என்று கண்டுபிடிப்பேன்' என்று எழுதுவது நல்லது.

ஒரே நேரத்தில் இரண்டு இலக்கு, மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் போனால் அகலக்கால் வைத்த கதைதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1953-இல் யேல் பல்கலைக்கழகத்தில் இலக்கை எழுதி வைத்திருந்த 3 சதவீத மாணவர்கள், பிற்காலத்தில் மற்ற 97 சதவீதம் பேரும் சேர்ந்து வைத்திருந்ததைவிட அதிகச் செல்வம் சேர்த்தார்கள் என்ற கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். அப்படி ஒரு ஆய்வு நடக்கவே இல்லை. எழுதுவதால் பலன் உண்டு. ஆனால் எழுதிய தாள் தானாக எதையும் செய்து தராது.

படி 4: 'எப்படி' என்பதை நேரத்தோடும் இடத்தோடும் கட்டுங்கள்

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999-இல் விளக்கிய முறை இது: 'இன்னது நடந்தால், இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே ஒரு வாக்கியமாக முடிவு செய்துவிடுவது. 2006-இல் 94 சோதனைகளின் முடிவுகளை ஒன்றாகப் பார்த்தபோது, இதற்கு நல்ல பலன் இருப்பது தெரிந்தது. 'தினமும் படிப்பேன்' என்று எழுதாதீர்கள். 'இரவு பாத்திரம் கழுவி முடித்ததும், மேசையில் உட்கார்ந்து 20 நிமிடம் படிப்பேன்' என்று எழுதுங்கள். பாத்திரம் கழுவி முடிவதே மணி அடிப்பது போல வேலை செய்யும்.

தடைக்கும் இதே போல ஒரு வாக்கியம் வேண்டும். 'அன்று மிகவும் களைப்பாக இருந்தால், புத்தகத்தைத் திறந்து ஒரு பக்கம் மட்டும் படிப்பேன்.' இனிமையான கனவை மட்டும் நினைத்துக்கொண்டிருப்பவர்களைவிட, கனவையும் அதற்குக் குறுக்கே நிற்பதையும் சேர்த்து நினைத்துப் பார்ப்பவர்கள் அதிகம் முன்னேறுகிறார்கள் என்பதை காப்ரியேல் ஓட்டிங்கனின் ஆய்வுகள் காட்டின.

அப்புறம், இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பதற வேண்டாம். 21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்பார்கள். லண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைக் கவனித்துச் செய்த ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் அளவுக்குப் பழக, நடுமதிப்பாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. ஒரே ஒரு நாள் தவறியதால் அவர்களின் முன்னேற்றம் பெரிதாகக் கெடவும் இல்லை.

படி 5: கெடுவை மனதிடம் கேட்காதீர்கள்

எவ்வளவு நாளில் முடியும் என்று மனதைக் கேட்டால் அது எப்போதும் குறைத்தே சொல்லும். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்களிடம் அவர்கள் ஆய்வேட்டை எப்போது முடிப்பார்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே மோசமாகப் போனால்? ஏறத்தாழ 49 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். அதாவது, 'எல்லாம் கெட்டுப்போனால்' என்று போட்ட கணக்கைவிடவும் அதிகம்.

அதனால் முன்பு இதே போன்ற வேலை ஒன்றுக்கு உண்மையில் எவ்வளவு காலம் ஆனது என்று பாருங்கள். அதைவிடக் குறைவாகக் கெடு வைக்காதீர்கள். அப்படி முன்மாதிரி எதுவும் இல்லையென்றால், மனதில் தோன்றுவதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். இது நான் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி, அவ்வளவுதான்; ஆனால் எனக்கு இதுவரை பொருந்திவந்திருக்கிறது.

படி 6: குறித்து வைத்து, நாள் குறித்துப் பாருங்கள்

முன்னேற்றத்தை அவ்வப்போது பார்ப்பதே முன்னேற உதவுகிறது. 2016-இல் 138 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் இது தெரிந்தது. மனதுக்குள் வைத்துக்கொள்ளாமல் எழுதி வைத்தபோது பலன் இன்னும் கூடியது. கேலண்டரில் ஒரு டிக் போதும். வாரத்தில் ஒருநாள் பத்து நிமிடம், 'எப்படி' வரியை மட்டும் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மணி நேரம் உட்கார்ந்து மூன்று வரிகளையும் பாருங்கள். அந்தத் தேதிகளை இன்றே கேலண்டரில் போட்டுவிடுங்கள். திருத்துவதற்கு என்று ஒரு நாள் இருக்கிறது என்று தெரிந்தால், ஒவ்வொரு இரவும் 'விட்டுவிடலாமா' என்று தனக்குள் வாதாட வேண்டியிருக்காது.

படி 7: வாழ்க்கை மாறிவிட்டதா? முதலில் நிறுத்தி வையுங்கள்

இனி இரண்டாம் பாதி. நோய், இழப்பு, வேலை மாற்றம், பிரிவு, குழந்தை, ஊர் மாற்றம் எதுவானாலும், முதல் வேலை இலக்கைத் திருத்துவது அல்ல. அந்த நேரத்தில் நம் தீர்மானங்கள் சரியாக இருக்காது. தாளை எடுத்து இப்படி ஒரு வரி எழுதுங்கள்: 'இன்றிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறேன். திரும்பப் பார்க்கும் தேதி இது.' பெரிய அதிர்ச்சி என்றால் ஆறு வாரம்கூடத் தள்ளி வைக்கலாம். தேதி போடுவதில்தான் எல்லாம் இருக்கிறது. தேதி போட்டு நிறுத்தினால் நீங்கள் ஒரு முடிவு எடுத்திருக்கிறீர்கள். தேதியில்லாமல் நின்றுபோனால் அது மனதில் கடனாகவே கிடக்கும். என் சுவரில் எட்டு மாதம் தொங்கியது அப்படி ஒரு கடன்தான்.

அந்தத் தேதி வந்ததும் ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மாற்றம் எவ்வளவு நாளைக்கு? சில வாரத்தில் சரியாகிவிடுமா, ஒரு வருடம் இரண்டு வருடம் நீடிக்குமா, இனி இப்படித்தானா? இதற்கு உண்மையாகப் பதில் சொல்வது சுலபமில்லை. அப்பா மூன்று மாதத்தில் பழையபடி நடப்பார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையில் எதையும் மாற்றாமல் இருந்தேன். உங்களுக்கும் தெரியாவிட்டால், 'நீடிக்கும்' என்றே எடுத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். சீக்கிரம் சரியானால் மகிழ்ச்சிதான்.

பிறகு படி 1-க்குப் போய், வாரக் கணக்கைப் புதிதாக எடுங்கள். பழைய தாள் பழைய வாழ்க்கையின் கணக்கு. புதிய தாளில் நகர்த்தக்கூடிய நேரம் வாரத்துக்கு ஒன்றரை மணியாகச் சுருங்கியிருக்கலாம். அதைப் பார்க்கும்போது மனம் கனக்கும்தான். ஆனால் உங்கள் சோம்பல் காரணமில்லை என்பதை அந்த எண் உங்களுக்குக் காட்டிவிடும்.

படி 8: கீழிருந்து மேலாகத் திருத்துங்கள்

மூன்று வரிகள் நினைவிருக்கும்: ஏன், எது, எப்படி. திருத்தத்தைக் கடைசி வரியிலிருந்து ஆரம்பியுங்கள்.

முதலில் 'எப்படி'. நேரம், இடம், கருவி, யாருடன் என்பதை மாற்றினால் இலக்கு பிழைத்துக்கொள்ளுமா? காலை 40 நிமிடம் போய்விட்டது. மதிய இடைவேளையில் 20 நிமிடம் இருக்கிறதா? வகுப்புக்குப் போக முடியாது. ஒலிப்பதிவைக் கேட்டபடி வேலை செய்ய முடியுமா? எதிர்பார்ப்பதைவிட அதிகமான இலக்குகள் இந்த ஒரு மாற்றத்திலேயே தப்பிவிடும்.

அது போதாவிட்டால் 'எது' வரிக்கு வாருங்கள். இங்கே நான்கு பிடிகள் உண்டு: அளவைக் குறைக்கலாம், கெடுவைத் தள்ளலாம், இலக்கின் எல்லையைச் சுருக்கலாம், வேறு இலக்கையே வைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருகாதீர்கள். ஒன்றை மாற்றி, நான்கு வாரம் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள்.

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைன். எண்பது வயதிலும் எப்படி இவ்வளவு நன்றாக வாசிக்கிறீர்கள் என்று கேட்டபோது அவர் சொன்னதை, முதுமை பற்றி ஆய்வு செய்த பால் பால்ட்ஸும் மார்கிரெட் பால்ட்ஸும் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். முன்பைவிடக் குறைவான படைப்புகளையே வாசித்தார். அந்தக் குறைவானவற்றை அதிகம் பயிற்சி செய்தார். வேகமான பகுதி வருவதற்குச் சற்று முன்னால் நிதானமாக வாசித்தார். அதனால் அடுத்து வரும் வேகம் கேட்பவருக்கு உண்மையைவிட அதிகமாகத் தெரிந்தது. விரல்களின் வேகம் திரும்பி வராது என்பதை ஏற்றுக்கொண்டு, 'நல்ல இசை' என்ற மேல் வரியை மட்டும் அவர் விடவே இல்லை. தேர்ந்தெடுப்பது, தேர்ந்ததை மெருகேற்றுவது, இழந்ததை வேறு வழியில் ஈடுசெய்வது: இந்த மூன்றையும் உங்கள் தாளுக்கும் கேட்டுப் பாருங்கள்.

'ஏன்' வரியைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். அது மாறவே மாறாது என்று சொல்லவில்லை. குழந்தை பிறந்த பிறகோ, நெருங்கிய ஒருவரை இழந்த பிறகோ, எது முக்கியம் என்பதே மாறிவிடுவது உண்டு. அப்போது பழைய இலக்கை ஒட்டுப்போட முயலாமல் புதுத் தாள் எடுங்கள்.

படி 9: விட வேண்டியதை முறையாக விடுங்கள்

இதுதான் பலருக்கும் தொண்டையில் சிக்கும் இடம். 'இத்தனை வருடம் உழைத்தேனே' என்ற எண்ணம் கையைப் பிடித்து இழுக்கும். ஹால் ஆர்க்ஸும் கேத்தரின் ப்ளூமரும் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், நாடகப் பருவச் சீட்டுக்கு முழு விலை கொடுத்தவர்கள், அதையே தள்ளுபடியில் வாங்கியவர்களைவிட அதிக நாடகங்களுக்குப் போனார்கள். ஒரே நாடகம்தான், ஒரே சீட்டுதான். அதிகம் கொடுத்த பணம்தான் அவர்களை இழுத்துப் போனது. போன உழைப்பும் அப்படித்தான் நம்மை இழுக்கிறது.

ஆகவே இப்படிக் கேளுங்கள்: இன்றுதான் முதல்முறையாக இதை யோசிக்கிறேன் என்றால், இன்றைய என் நேரத்தோடும் உடம்போடும் இதைத் தேர்ந்தெடுப்பேனா? 'மாட்டேன்' என்ற பதில் வந்தால் உடனே விட்டுவிடாதீர்கள். களைப்பான நாளின் பதிலாக அது இருக்கலாம். இரண்டு வாரம் கழித்து, நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளில் மறுபடி கேளுங்கள். அப்போதும் அதே பதில் என்றால் விடலாம்.

கடினமான இலக்கையும் எட்டவே முடியாத இலக்கையும் எப்படிப் பிரித்தறிவது? 'எப்படி' வரியை இரண்டு மூன்று முறை உண்மையாகவே மாற்றிப் பார்த்தும் ஒரு அடிகூட நகரவில்லையா? தடை உங்கள் கையில் இல்லாத ஒன்றா, உதாரணமாக வயது வரம்போ, மருத்துவர் திட்டவட்டமாகச் சொன்ன ஒரு கட்டுப்பாடோ? இந்த இலக்கால் தூக்கமோ உறவோ தொடர்ந்து கெடுகிறதா? முதல் இரண்டுக்கும் 'ஆம்' என்றால் அது எட்டாதது. மூன்றாவதுக்கு மட்டும் 'ஆம்' என்றால், அளவை இன்னும் குறைத்துப் பார்க்க இடம் இருக்கிறது.

கார்ஸ்டன் ராஷும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வுகள் எனக்கு நிறைய ஆறுதல் தந்தன. எட்டாத இலக்கை விட முடிந்தவர்களின் மனநிலை, விட முடியாதவர்களைவிட நன்றாக இருந்தது. புதிய, அர்த்தமுள்ள ஒன்றில் கையை வைப்பதும் தனியாகவே நன்மை செய்தது. அதனால் விடுகிற அன்றே அடுத்ததற்கான தாளை எடுத்து, 'ஏன்' வரியை மட்டுமாவது எழுதிவிடுங்கள். அதே 'ஏன்' வேறொரு வழியில் நிறைவேற இடமிருக்கும். மருத்துவராக முடியாமல் போன ஒருவரின் 'ஏன்', நோயாளிகளுக்கு உதவுவது என்றால், அதற்கு வேறு பல வாசல்கள் உண்டு.

உங்கள் இலக்கை நம்பி யாராவது இருந்தால் அவர்களிடம் நேரில் சொல்லிவிடுங்கள். நீளமான விளக்கம் வேண்டாம். 'நிலைமை மாறிவிட்டது, இதை நிறுத்துகிறேன், இதை மட்டும் தொடர்கிறேன்' என்றால் போதும். வருத்தம் இருந்தால் அதற்கும் கொஞ்ச நாள் கொடுங்கள். ஒரு கனவை இழப்பதும் இழப்புதான்.

படி 10: நல்லது நடந்தாலும் திருத்துங்கள்

குழந்தைகள் வளர்ந்து நேரம் மிஞ்சுகிறது, கடன் முடிந்துவிட்டது, இலக்கை நினைத்ததைவிடச் சீக்கிரம் எட்டிவிட்டீர்கள். இதுவும் வாழ்க்கை மாற்றமே. சிறியதாகவே ஓடிக்கொண்டிருக்கும் பழைய இலக்கை எடுத்துப் பெரிதாக்குங்கள். புது வருடத்தின் முதல் நாள், பிறந்தநாள், மாதத்தின் முதல் தேதி போன்ற நாட்களில் மனிதர்கள் புதிதாகத் தொடங்க அதிகம் முனைகிறார்கள் என்று 2014-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. அப்படி ஒரு நாள் பக்கத்தில் இருந்தால் அதையே தொடக்க நாளாக வைத்துக்கொள்ளலாம். அது ஆறு மாதம் தள்ளி இருந்தால், வரும் திங்கட்கிழமை போதும்.

தாளைத் திருத்தும் முறை

பழைய வரியை அழிக்காதீர்கள், கிழிக்கவும் வேண்டாம். படிக்க முடிகிற மாதிரி ஒரே ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, கீழே புது வரியை எழுதுங்கள். பக்கத்தில் தேதியும், மாற்றியதற்கான காரணத்தை நான்கைந்து சொற்களிலும் எழுதுங்கள். ஒன்றிரண்டு வருடம் கழித்து அதைப் பார்த்தால், உங்கள் இலக்கு எதனால் மாறுகிறது என்று தெரிந்துவிடும். சிலருக்கு எப்போதும் நேரம்தான் காரணமாக இருக்கும், சிலருக்கு உடம்பு, சிலருக்கு ஆரம்பத்திலேயே அதிக அளவு வைத்துவிடுவது. அடுத்த இலக்கை எழுதும்போது அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

என் தாளில் இப்போது 'எது' வரி நான்கு முறை அடிபட்டிருக்கிறது. 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கீழே, 'தினமும் மாலை அப்பாவோடு 15 நிமிட நடை. காரணம்: அவருக்கும் பயிற்சி, எனக்கும் நேரம் இல்லை' என்று இருக்கிறது. அதற்குக் கீழே, 'நடை 30 நிமிடம். காரணம்: அப்பா கைத்தடியோடு நடக்கிறார்.' அதற்கும் கீழே, 'நடைக்கு அப்புறம் வாரம் இரண்டு நாள் 3 கிலோமீட்டர் ஓட்டம். காரணம்: தங்கை இப்போது பக்கத்தில் இருக்கிறாள்.' அதுவும் போன மாதம் அடிபட்டு 5 கிலோமீட்டர் ஆகியிருக்கிறது. 'ஏன்' வரியில் இன்னும் ஒரு கோடுகூட விழவில்லை. அடுத்துப் பார்க்கும் தேதி ஓரத்தில் இருக்கிறது. அதற்கு இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.